தொலையுணர்தல்: தொடாமல் கடலைப் படிப்பது

நம் வீடுகளில் ‘ரிமோட்’ என்றால் டிவி ரிமோட்தான். அதுவும் பாதி நாள் தொலைந்துபோய் சோபா இடுக்கில் கிடக்கும். அதே சொல்லுக்கு வானத்தில் வேறொரு பிழைப்பு உண்டு: ரிமோட் சென்சிங். கடலையும் ஏரியையும் தொடாமல், அவற்றிலிருந்து வரும் ஒளியையோ வெப்பத்தையோ ரேடார் எதிரொலியையோ வைத்து அறிவதற்கு அந்தப் பெயர்.

பெயர் வைத்தவர் எவெலின் புரூயிட், அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்தில் இருந்த புவியியலாளர். அவர் கவனம் கடற்கரைகள் மீது. அதுவரை இந்த வேலையை ‘வான்வழிப் புகைப்படம்’ என்றே சொல்லிவந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, ரேடார், அப்புறம் செயற்கைக்கோள் என்று ஒவ்வொன்றாக வந்து சேர, புகைப்படம் என்ற சொல்லுக்குள் எதுவும் அடங்கவில்லை. 1950களின் கடைசியில் அவர் கொடுத்த புதுப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1962இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரிலேயே மாநாடு நடந்தது.

‘ரிமோட்’ லத்தீன் வழி வந்தது. ‘விலக்கி வைக்கப்பட்டது’ என்பது அதன் பழைய பொருள். ‘சென்ஸ்’ என்பதும் லத்தீன்தான்; புலனால் அறிவதைக் குறிக்கும்.

தமிழில் ‘தொலை’ பற்றிச் சண்டையில்லை. ‘தொலைந்து போ’ என்ற வசவும் அதே வேரிலிருந்துதான் வருகிறது என்றாலும், தொலைபேசியும் தொலைக்காட்சியும் அந்த வாடையைப் போக்கிவிட்டன. தகராறு ‘சென்சிங்’ என்ற இரண்டாம் பாதியில்தான். பாடநூல்களில் ‘தொலை நுண்ணுணர்வு’ கண்ணில் படும். இதில் ‘நுண்’ எதற்கு? 1999இல் இஸ்ரோ அனுப்பிய ஓஷன்சாட்-1 செயற்கைக்கோள், 360 மீட்டர் அகலமான ஒரு கட்டத்தை ஒரே புள்ளியாகத்தான் பார்த்தது. கடலுக்கு அது போதும், ஆனால் நுண்மை இல்லை. செய்திகளில் வரும் ‘தொலையுணர்வு’ பரவாயில்லை. ஆனால் உணர்வு என்றதும் இன்று மனம்தான் நினைவுக்கு வருகிறது, ஏதோ செயற்கைக்கோள் கடலை எண்ணி உருகுவதுபோல. இது ஒரு செயல். ஆகவே என் ஓட்டு ‘தொலையுணர்தல்’ என்பதற்கே. கருவி ‘தொலையுணரி’.

‘உணர்’ என்பதைக் கைவிடக் கூடாது என்பதற்குக் காரணம் குறளில் இருக்கிறது. ‘குறிப்பிற் குறிப்புணர்வாரை’ என்கிறது 703ஆம் குறள். ஒருவர் முகக்குறிப்பைப் பார்த்தே உள்ளத்தில் இருப்பதை அறிபவர் என்று பொருள். தொட்டுப் பார்ப்பது அல்ல, வெளியே தெரிவதைக் கொண்டு உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பது. செயற்கைக்கோள் செய்வதும் அச்சாக இதுதான்.

கடலின் முகக்குறிப்பு நிறம். தெளிந்த ஆழ்கடல் நீலமாக இருக்கும். நுண்பாசி பெருகினால் அதன் பச்சையம் நீல ஒளியை விழுங்கிவிடும். திரும்பி வருவதில் பச்சை மேலோங்கும். நீலமும் பச்சையும் எந்த விகிதத்தில் வருகின்றன என்று அளந்தால் பாசி எவ்வளவு என்று கணக்கிடலாம். சொல்லும்போது சுலபம்தான். ஆனால் உணரிக்கு வந்து சேரும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நீருக்குள்ளிருந்து வருவது. மிச்சமெல்லாம் பெரும்பாலும் காற்றுமண்டலம் சிதறடித்தது. அதைக் கழித்த பிறகே கடல் தெரியும். ஆற்று முகத்துவாரத்திலும் ஏரியிலும் இன்னொரு தொல்லை: வண்டலும் மக்கிய இலைச்சாறும் கலந்து நிறத்தைக் குழப்பிவிடும். ஆழ்கடலுக்கு எழுதிய சூத்திரம் அங்கே சேற்றைப் பாசி என்று சொல்லும்.

மன்னார் வளைகுடா மீனவர்கள் இதைச் செயற்கைக்கோள் இல்லாமலே பார்க்கிறார்கள். கடல் கரும்பச்சையாகி, நீர் கொழகொழவென்று ஆகும்போது ‘பூங்கோரை வந்திருச்சு’ என்பார்கள். நாக்டிலூகா என்ற நுண்ணுயிரி பெருகுவதுதான் அது. 2019 செப்டம்பரில் அப்படி வந்தபோது மீன்கள் செத்து ஒதுங்கின. பாசி பெருகிச் சாகையில் நீரில் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது.

ஏரியின் பரப்பை அறிய நிறம் வேண்டியதில்லை. நீர் அண்மை அகச்சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்வதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். சுற்றியுள்ள மண்ணும் செடியும் வெளுப்பாக. கறுப்பை எண்ணினால் நீர்ப்பரப்பு கிடைத்துவிடும். 2019 கோடையில் வற்றிய புழல் ஏரியின் படத்தை முந்தைய ஆண்டின் படத்தோடு பக்கத்தில் வைத்து உலகமே பார்த்தது நினைவிருக்கும்.

இதற்கெல்லாம் வானம் திறந்திருக்க வேண்டும். ஐப்பசி மேகம் மூடிக்கொண்டால் நிறம் பார்க்கும் உணரிக்கு வேலையில்லை. ரேடார் மேகத்தைத் துளைத்து அலையையும் நீர்ப்பரப்பையும் காட்டும். ஆனால் பூங்கோரை வந்திருக்கிறதா என்று அதைக் கேட்டுப் பயனில்லை. அதற்கு நிறம் தெரியாது.