ஆண்டு விழாவுக்கு மறுநாள்

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் காலை ஓ.பி.யில் சில குழந்தைகளைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிடும். காதோரம் ரோஸ் பவுடர் அப்பியிருக்கும். கண் மை பாதி அழிந்து, பாதி கன்னத்தில் இறங்கியிருக்கும். உள்ளங்கையில் சிவப்புச் சாயம். முந்தைய நாள் பள்ளியில் ஆண்டு விழா. பிள்ளை பரதமோ கும்மியோ ஆடியிருக்கிறாள். இன்று காய்ச்சல், அடிவயிற்று வலி, 'யூரின் போனா எரியுதாம்.'

தஞ்சைப் பக்கம் இருபது வருஷமாகக் குழந்தைகள் மருத்துவம் பார்க்கிறேன். பள்ளி நாட்காட்டியை நான் தனியாக வாங்கிப் பார்ப்பதில்லை. யார் என்ன தொந்தரவோடு வருகிறார்கள் என்பதை வைத்தே, எந்தப் பள்ளியில் என்ன கொண்டாட்டம் நடந்தது என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

போன வருஷம் வந்த ஏழு வயதுப் பெண்ணைச் சொல்கிறேன். நேற்று எத்தனை தடவை பாத்ரூம் போனாய் என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "தண்ணியே குடிக்கல டாக்டர். குடிச்சா பாத்ரூம் வரும், டிரெஸ்ஸைக் கழட்ட முடியாதுன்னு மிஸ் சொன்னாங்க" என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மிஸ் மட்டுமா சொன்னார், அவரும்தான் சொல்லியிருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். விழா மாலை ஆறு மணிக்கு. மேக்கப்புக்கு மதியம் ஒரு மணிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். வாடகை உடை, இடுப்பில் ஏழெட்டு ஊக்கு, மேலே ஒட்டியாணம். சிறப்பு விருந்தினர் வர ஏழாகிவிட்டது. ஆண்டறிக்கை, பரிசளிப்பு எல்லாம் முடிந்து இவள் மேடை ஏறியபோது மணி ஒன்பது. ஆடியது நான்கு நிமிடம். வீட்டுக்குப் போய் உடையைக் கழற்றும்போது பத்தரை. ஒன்பதரை மணி நேரம் தண்ணீரும் இல்லை, சிறுநீரும் கழிக்கவில்லை.

ஏழு வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை கொள்வதே சுமார் 250 மில்லிதான், ஒரு டம்ளருக்குச் சற்று அதிகம். அதை அடக்கி அடக்கி வைத்தால் உள்ளே தேங்கும் சிறுநீரில் கிருமி பெருகும். பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்க்குழாய் நீளம் குறைவு என்பதால் கிருமி மேலே ஏறுவதும் சுலபம். மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இதெல்லாம் ஒரே நாளில் வருவதல்ல. ஒத்திகை மூன்று வாரம் நடந்திருக்கிறது. அந்த மூன்று வாரமும் பாத்ரூம் போகும் இடைவேளையில்தான் ஒத்திகை. விழா நாள் அதன் கடைசிப் படி, அவ்வளவுதான்.

எரிச்சல், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, காரணம் தெரியாத காய்ச்சல் - இவற்றில் எது இருந்தாலும் சிறுநீரைப் பரிசோதித்துவிடுங்கள். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு வேளை கொடுத்துவிட்டு வந்தால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் பெரும்பாலும் ஒன்றும் பிடிபடாது. எந்தக் கிருமி என்று தெரியாமல் நாங்கள் குருட்டாம்போக்கில் மருந்து எழுத வேண்டியிருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் பள்ளிகளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. கேரளத்தில் 2019இலேயே தண்ணீர் குடிக்க என்று தனி மணி அடிக்க ஆரம்பித்தார்கள். 2025இல் தமிழ்நாட்டிலும் அது வந்தது. பாட நாளில் அடிக்கும் அந்த மணி விழா நாளில் அடிப்பதில்லை, அதுதான் வேடிக்கை. நிகழ்ச்சி நிரலில் தமிழ்த்தாய் வாழ்த்து முதல் நாட்டுப்பண் வரை நிமிடக் கணக்கில் எழுதுகிறவர்கள், 'ஐந்தரை மணி: எல்லாரும் பாத்ரூம்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். உடை தைக்கும்போதே, இடுப்போடு சேர்த்துத் தைக்காமல் எலாஸ்டிக் வைத்த பைஜாமா மாதிரித் தைக்கச் சொல்லலாம். தையல்காரருக்கு இது பெரிய வேலையே இல்லை.

இதை எழுதுவதால் விழாவே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் அறையில் நான்கு வருஷமாக வாய் திறக்காத ஒரு பையன் இருந்தான். பேர் கேட்டால்கூட அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவான். அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய கலைத் திருவிழாவில் பறை அடிக்கச் சேர்ந்தான். இப்போது என் மேஜையிலேயே அடித்துக் காட்டுகிறான், நான்தான் போதும் போதும் என்கிறேன். அதை எந்த டானிக்கும் செய்யாது. ஆனால் வட்டாரப் போட்டி, மாவட்டப் போட்டி என்று காலை ஐந்தரைக்கே வேன் ஏறும் இந்தப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு போகிறார்கள். இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும்.

வெறும் வயிறு என்றதும் ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஞாபகம் வருகிறது. இந்த இரண்டு நாளும் காலை ஒன்பதரை வாக்கில் 'கிரவுண்டில் மயங்கி விழுந்துட்டான்' என்று ஆட்டோவில் தூக்கிவருவார்கள். வெயிலில் ஆடாமல் அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் அது மேலே ஏறும். மூளைக்குப் போகும் ரத்தம் ஒரு கணம் குறைகிறது, பிள்ளை விழுகிறான். விழுந்து படுத்ததும் ரத்தம் தானாகத் திரும்புகிறது. ஆக, விழுவதுதான் இதற்கு இயற்கை செய்யும் வைத்தியம். நம் ஆட்களோ உடனே தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பார்கள்! தயவுசெய்து படுக்கவே விடுங்கள். காலைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள். நினைவு முழுதாகத் திரும்பும்வரை வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இப்படி மயங்கும்போது சில நொடி கைகால் உதறுவதும் உண்டு. அதைப் பார்த்ததும் யாராவது சாவிக்கொத்தை எடுத்துக் கையில் திணிப்பார். அது வலிப்பே இல்லை. வலிப்பாக இருந்தாலும் சாவியால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பி.டி. சார்களிடம் நான் சொல்வது: அட்டென்ஷனில் நிற்கும்போதே ஷூவுக்குள் விரலை மடக்கி நீட்டவும், குதிகாலை லேசாகத் தூக்கி இறக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஆனால் ஒன்று. நின்றுகொண்டிருந்தபோது இல்லாமல், ஓடும்போதோ ஆடும்போதோ முன்னறிகுறி இல்லாமல் ஒரு பிள்ளை விழுந்தால் அதை வெயில் மயக்கம் என்று விட்டுவிடக் கூடாது. வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால் இன்னும் கவனம். இதயத் தசையிலோ இதயத் துடிப்பிலோ கோளாறு இருக்கலாம். ஈ.சி.ஜி. எடுத்து இதய மருத்துவர் பார்க்கும்வரை அந்தப் பிள்ளையை மேடையிலும் மைதானத்திலும் ஏற்றாதீர்கள்.

பொங்கல் விழாவைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். எனக்கு மிகவும் பிடித்த விழா அது. மூன்று செங்கல், நடுவில் விறகு, மஞ்சள் கட்டிய பானை, சுற்றிலும் பட்டுப்பாவாடையில் பிள்ளைகள். அந்தப் பட்டுப்பாவாடை பட்டே இல்லை என்பதில்தான் சிக்கல். நானூறு ஐநூறு ரூபாய்க்குக் கடையில் தொங்குவது பாலியெஸ்டர். பருத்தியில் தீப்பிடித்தால் எரியும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பால் பொங்கும் நேரம் பார்த்து 'பொங்கலோ பொங்கல்' என்று எல்லாரும் முன்னால் நெருக்குவார்கள். பின்னால் இருப்பவர்கள் தள்ள, முன்னால் இருப்பவர்களின் பாவாடை எங்கே போகும்?

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, குனிந்து விறகைத் தள்ளும்போது தாவணி நுனியில் பற்றிக்கொண்டது. பக்கத்தில் இருந்த ஆசிரியர் ஒருவர் பார்வையாளருக்கு விரித்திருந்த ஜமுக்காளத்தை உருவி அவளைச் சுற்றித் தரையில் உருட்டிவிட்டார். அவர் செய்த அந்த ஒரு காரியம் அவளைக் காப்பாற்றியது. அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆற்றாமை. ஒருவர் பேனா மையை ஊற்றினார். இன்னொருவர் வீட்டிலிருந்து இட்லி மாவு கொண்டுவந்து பூசினார். என்னிடம் வந்தபோது தொடை முழுக்க நீலமும் வெள்ளையும். புண் எவ்வளவு ஆழம் என்று பார்க்கவே அதையெல்லாம் கழுவ வேண்டியிருந்தது. அந்தக் கழுவலில் அவள் போட்ட சத்தம் இருக்கிறதே.

மை, மாவு, மஞ்சள், பற்பசை, காபித்தூள், ஐஸ் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீர். இருபது நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம். சுட்டு மூன்று மணி நேரம் வரைக்கும்கூட இது பலன் தரும், ஆகவே 'இப்போ ஊத்தி என்ன ஆகப்போகுது' என்று விட்டுவிடாதீர்கள். வீங்குவதற்குள் வளையல், கொலுசைக் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். அப்புறம் சுத்தமான வெள்ளைத் துணியால் தளர்வாக மூடி, 108.

பானையைச் சுற்றி ஆறடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு ஒன்று, கோட்டுக்கு உள்ளே பருத்திப் புடவை கட்டிய பெரியவர்கள் மட்டும், பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர். இவ்வளவு இருந்தால் நான் நிம்மதியாக ஒரு வாய்ச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவேன். ஆனால் இப்போது 'கிராமத்து செட்' என்று தென்னங்கீற்றில் குடிசை போட்டு, அதற்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டுகிறார்கள், போட்டோவுக்கு அழகாக இருக்குமாம். எங்கள் பக்கத்துக் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போனார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளிலிருந்து கீற்றை இறக்கினோம். அதை மறுபடி அலங்காரமாக உள்ளே கொண்டுவருவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வகுப்பறைச் செயல்பாடுகளும் சளைத்தவை அல்ல. எல்.கே.ஜி.யில் யானைப் படம் வரைந்து அதற்குள் பருப்பு, கடலை, பாசிமணி ஒட்டச் சொல்வார்கள். மூன்றரை வயதுக்கு மூக்கைவிட நல்ல பை எது? ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி என்று ஒரு பிள்ளை வந்தால் நான் டார்ச்சைத்தான் முதலில் எடுப்பேன். போன ஜூலையில் ஒரு கொண்டைக்கடலை, நான்கு நாள் ஊறி, முளை விடாத குறை. பாசிமணி போலக் கெட்டியான பொருளாக இருந்து குழந்தை ஒத்துழைத்தால், அம்மா தன் வாயைக் குழந்தையின் வாயோடு சேர்த்து, காலியான மூக்குத் துளையை விரலால் மூடி, ஒரு தடவை சட்டென்று ஊதினால் பல நேரம் வெளியே வந்துவிடும். பக்கத்தில் மருத்துவரோ செவிலியரோ இருக்கும்போது செய்யுங்கள். காதில் விதை போனால் தண்ணீர் விடாதீர்கள், அது உப்பி இறுகிக்கொள்ளும். பாசிக்குப் பதில் கிழித்த வண்ணத்தாள் போதாதா என்று மிஸ்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பட்டன் பேட்டரியை மட்டும் மூக்கில் அரை நாள்கூட விட்டுவைக்காதீர்கள். மினுக்கும் கிரீடம், விளக்கு வைத்த தேவதைச் சிறகு என்று மாறுவேடப் போட்டிக்கு வாங்கும் பலவற்றிலும் அது இருக்கிறது. விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே அரித்துப் புண்ணாக்கிவிடும். காசு விழுங்கினால் காத்திருந்து பார்க்கலாம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் காத்திருக்கக் கூடாது. எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே ஓடுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால், விழுங்கி 12 மணி நேரத்துக்குள், போகும் வழியிலேயே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகம் போனால் ஆறு தடவை. தேன் கிடைக்கவில்லை என்று கடை தேடி நிற்காதீர்கள். வேறு சாப்பாடு, தண்ணீர் வேண்டாம்.

மருதாணிப் போட்டியில் பத்து நிமிடத்தில் கறுக்கும் 'பிளாக் கோன்' வேண்டாம். முடிச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனம் பல கோன்களில் கலந்திருக்கிறது. கொப்புளம் ஒரு பக்கம். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் விடாது. அரைத்த மருதாணி ராத்திரி முழுக்க வைத்தால்தான் சிவக்கும், அதுதான் அதன் லட்சணம்.

அந்த ஏழு வயதுப் பெண்ணின் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டேன். சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதம் என்றேன் அல்லவா. அந்த விருந்தினர் நான்தான். ஓ.பி. முடிய நேரமாகிவிட்டது, வழக்கம்போல. மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு, சுத்தமான குடிநீரின் அவசியத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசவும் செய்தேன். திரைக்குப் பின்னால் அறுபது பிள்ளைகள் ஊக்கு குத்தி உட்கார்ந்திருந்தது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

இந்த வருஷம் வேறொரு பள்ளியில் கூப்பிட்டார்கள். நான் வந்தாலும் வராவிட்டாலும் ஆறு மணிக்குத் தொடங்கிவிட வேண்டும், சின்ன வகுப்புகள்தான் முதலில், என் பேச்சு கடைசியில், ஐந்தே நிமிடம் என்று சொல்லி அனுப்பினேன். தாளாளர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. ஆறேகாலுக்கு நான் போனபோது மூன்றாவது நடனம் ஓடிக்கொண்டிருந்தது. மேடையின் பக்கவாட்டில், ஆடி முடித்த பச்சைக் கிளி ஒன்று அலகைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தது.