கறுத்துவிட்டால் ஆறிவிட்டதா?

மறுபடியும் ஒரு வீடியோ. எரிமலையிலிருந்து புதிதாக வழிந்து நின்ற லாவாமேல், அதாவது எரிமலைக் குழம்பின்மேல், ஒருவர் ஏறி நடக்கிறார். இரண்டடி தள்ளி விரிசலுக்குள் சிவப்பு தெரிகிறது. "அதெல்லாம் ஆறிப்போச்சு, வாங்க" என்று ஒரு குரல். எரிமலைக் களத்தில் வேலை பார்க்கும் எங்களுக்கு இதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. 2021இல் ஐஸ்லாந்தின் ஃபாக்ராடால்ஸ்ஃப்யாட்ல் எரிமலையிலும் எத்தனை எச்சரித்தும் இப்படித்தான் ஏறினார்கள்.

கறுத்த லாவா ஆறிய லாவா இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. பசால்ட் என்னும் கரும்பாறையாக உறையும் லாவா வெளியே வரும்போது சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ். ஏறக்குறைய 500 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அது ஒளிர்வது நம் கண்ணுக்குத் தெரியாது. பகல் வெயிலில் அதற்கு முன்பே தெரியாது. அதாவது, நீங்கள் "கறுப்பு" என்று பார்க்கும் மேற்பரப்பே 400 டிகிரியில் இருக்கலாம். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதேதான்.

சரி, மேற்பரப்பு உண்மையிலேயே ஆறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடியில்? பாறை வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். ஹவாயில் அளந்து பார்த்த கணக்குப்படி, ஒரு மணி நேரத்தில் மேலோடு சுமார் 8 செ.மீ. தடிக்கும். ஒரு நாள் கழித்து 38 செ.மீ. ஒரு வாரம் ஆனாலும் ஒரு மீட்டர்தான். தடிக்கத் தடிக்க வேகம் குறைந்துகொண்டே போகும். சில செ.மீ. ஓடு ஒரு ஆளைத் தாங்கிவிடும். "நான் நின்றேனே, ஒன்றும் ஆகவில்லையே" என்பது அதனால்தான். அடுத்த அடி வைக்கும் இடத்தில் ஓட்டுக்குக் கீழே குழம்பு வடிந்துபோன வெற்றுக் குகை இருக்கலாம். எங்கள் வெப்பக் கேமராகூட மேல்தோலைத்தான் படிக்கும், அடியில் இருப்பதைச் சொல்லாது.

ஹவாயின் கீலாவேயா எரிமலையில், கீலாவேயா இக்கி என்ற பள்ளத்தில் 1959இல் தேங்கிய லாவா ஏரி முழுதாக உறைய 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தண்ணீர் ஊற்றினால் ஆறாதா என்பார்கள். 1973இல் ஐஸ்லாந்தின் ஹெய்மேய் தீவில் துறைமுகத்தைக் காக்க மாதக்கணக்கில் கடல்நீரைப் பீய்ச்சினார்கள். லாவாவின் ஓட்டம் தடைபட்டது, உண்மை. ஆனால் உள்ளே மிஞ்சிய சூட்டைக் கொண்டே அதன்பின் பல ஆண்டுகள் ஊர் வீடுகளைச் சூடாக்கினார்கள்!

கடலோரம் இன்னும் மோசம். லாவா கடலில் இறங்கும் இடத்தில் எழும் வெள்ளைப் புகை வெறும் நீராவி இல்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பொடிக் கண்ணாடியும் கலந்தது. புதிதாக உருவாகும் கரையோ தளர்ந்த துண்டுகளின்மேல் நிற்பது. 2016இன் கடைசி நாளில் கீலாவேயாவின் கமோகுனா கடலோரத்தில் அப்படி உருவான கரை ஏக்கர் கணக்கில் கடலில் சரிந்தது. 2018 ஜூலையில் வெடித்துத் தெறித்த லாவா ஒரு சுற்றுலாப் படகில் விழுந்து 23 பேர் காயமடைந்தார்கள்.

எனவே, கயிறு கட்டியிருந்தால் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். அனுமதித்த பாதையிலும் தடித்த காலணி, முழுக்கால் சட்டை, கையுறை வேண்டும். லாவாவின் தோல் கண்ணாடி, விழுந்தால் கிழிக்கும். பள்ளங்களில் இறங்காதீர்கள், கரியமில வாயு அங்கேதான் தேங்கும். காற்று புகையை உங்கள் பக்கம் திருப்பினால் கிளம்பிவிடுங்கள். மழை வரும்போல இருந்தால் போகவே வேண்டாம். சூடான பாறைமேல் மழை பட்டால் எழும் ஆவியில் வழியே தெரியாது. காலணி கருகும் வாசனை வந்தால், தயவுசெய்து, இன்னொரு படம் எடுக்க நிற்காமல் வந்த வழியிலேயே திரும்புங்கள்.