பக்கவாதத்துக்குப் பிறகு ஊட்டும்போது, தண்ணீர் எளிது என்று நினைக்காதீர்கள்

பார்த்துப் பார்த்துச் சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டும் குடும்பத்திலிருந்துதான் மறுபடியும் ஒருவர் நுரையீரல் தொற்றோடு மருத்துவமனைக்குத் திரும்பி வருகிறார். பக்கவாதம் வந்து, சிகிச்சை முடிந்து, வீட்டுக்குப் போனவர். "கெட்டியா எதுவுமே கொடுக்கலைங்க, வெறும் தண்ணி, பால், சூப்தான் கொடுத்தோம்" என்கிறார்கள். அந்தத் தண்ணீரும் பாலும் சூப்பும்தான் காரணம் என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. இத்தனை அக்கறையான குடும்பத்துக்கு இந்தத் தகவல் இவ்வளவு தாமதமாகப் போய்ச் சேருவது எரிச்சலாக இருக்கிறது.

விழுங்குவதில் சிரமம் இருப்பவருக்குத் தண்ணீர்தான் பெரும்பாலும் மிகக் கடினமான உணவு. இந்த ஒரு வரியை மட்டுமாவது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

மூச்சுப்பாதையும் உணவுப்பாதையும் தொண்டையில் ஒரே இடத்தில்தான் பிரிகின்றன. விழுங்கும் அந்த ஒரு நொடி அளவுக்குத்தான் மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதிநோய் இருப்பவர்களுக்கு அந்த மூடுதல் தாமதமாகலாம், அரைகுறையாகவும் நிகழலாம். மசித்த உணவு ஒரு திரளையாக மெதுவாக நகர்வதால், தாமதமாக மூடும் தொண்டைக்கும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. தண்ணீர் காத்திருக்காது. நாக்கிலிருந்து தானாகவே வழிந்து, மூடாத மூச்சுப்பாதைக்குள் இறங்கிவிடும். பல் இல்லாதவருக்கு மெல்லுவது கஷ்டம், அவருக்குக் குழைவான உணவு எளிது; அது உண்மை. ஆனால் மெல்லுவது வேறு, விழுங்குவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு, "எவ்வளவு தண்ணியா இருக்கோ அவ்வளவு நல்லது" என்று முடிவுகட்டுவதில்தான் தவறு தொடங்குகிறது.

அடுத்த தவறான நம்பிக்கை, "இருமல் வரலையே, நல்லாத்தானே முழுங்குறார்" என்பது. தொண்டையின் உணர்வு குறைந்தவருக்கு உணவு மூச்சுப்பாதைக்குள் போனாலும் இருமல் வராது. ஓசையே இல்லாமல் உள்ளே போகும். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே படமாகப் பார்த்தோ, மூக்கு வழியாகச் சிறு கேமரா செலுத்திப் பார்த்தோதான் இதை உறுதியாகச் சொல்ல முடியும். பக்கத்தில் இருந்து பார்ப்பவரால் முடியாது. அனுபவமுள்ள சிகிச்சையாளராலும் வெறும் கண்ணால் உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

"கொஞ்சம் கெட்டியாக் கொடுங்க" என்ற அறிவுரையால் பயனில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'மென்மையான உணவு' என்று இரண்டே வார்த்தை எழுதி அனுப்பிவிடுவது எங்கள் துறைக்கே குறை. உணவும் பானமும் எவ்வளவு கெட்டியாக இருக்கவேண்டும் என்பதை எண்ணால் சொல்ல, சர்வதேச அளவில் ஐடிடிஎஸ்ஐ என்ற அளவுகோல் இருக்கிறது. 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். 0 என்பது வெறும் தண்ணீர், 4 என்பது கட்டியில்லாமல் மசித்த கூழ், 7 என்பது வழக்கமான உணவு. பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளரிடம், "குடிப்பதற்கு எந்த எண், சாப்பிடுவதற்கு எந்த எண்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எண் இல்லாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

அந்த எண்ணை வீட்டிலேயே சோதிக்கலாம். ஊசி மாட்டாத 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று போதும்; ஆனால் 0-லிருந்து 10 வரையுள்ள கோடுகளின் நீளம் 61.5 மி.மீ. இருக்கவேண்டும், அளந்து பாருங்கள். உள்ளே தள்ளும் தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மி.லி. வரை திரவத்தை ஊற்றுங்கள். விரலை எடுத்து, சரியாக 10 விநாடியில் மறுபடி அடையுங்கள். 1 மி.லி.க்கும் குறைவாக மிஞ்சினால் நிலை 0. 1 முதல் 4 வரை மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 வரை என்றால் நிலை 2. 8-க்கு மேல் மிஞ்சி, கொஞ்சமாவது ஒழுகியிருந்தால் நிலை 3. துளிகூட இறங்கவில்லை என்றால் நிலை 4. கொடுக்கப்போகும் சூட்டிலேயே சோதிக்கவேண்டும். சூடாக இருக்கும்போது நீர்த்திருக்கும் சூப் ஆறியதும் இறுகும். கெட்டியாகத் தெரிந்தது சூடாக்கியதும் இளகும்.

தண்ணீர், பால் போன்றவற்றைச் சொன்ன நிலைக்குக் கெட்டிப்படுத்தும் பொடிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்டார்ச் வகைப் பொடியை எச்சிலில் உள்ள நொதி உடைத்துவிடும். எச்சில் பட்ட ஸ்பூனை மறுபடி கோப்பைக்குள் விட்டால், பாதி குடிப்பதற்குள் அது நீர்த்துப்போகும். சாந்தன் பிசின் வகை அப்படி எளிதில் உடையாது. எந்த வகையானாலும் டப்பாவில் உள்ள அளவுப்படி கலந்து, அதில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருந்து, பிறகு சோதியுங்கள். கண்மதிப்பில் கொட்டாதீர்கள். இன்னொன்று: கெட்டியான திரவத்தைப் பலர் விரும்பிக் குடிப்பதில்லை, அதனால் உடலில் நீர் வற்றும். நாள் முழுவதும் எவ்வளவு உள்ளே போனது என்று குறித்துவையுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகிறதா என்றும் பாருங்கள்.

இனி சமையல். மசித்த உணவைத் தண்ணீர் விட்டு இளக்காதீர்கள், தயவுசெய்து. தண்ணீர் கூடக்கூட ஒவ்வொரு ஸ்பூனிலும் சத்து குறைகிறது. ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடுபவர் மேலும் இளைப்பார். பால், காய்கறியோ இறைச்சியோ வேகவைத்த சாறு, கொஞ்சம் வெண்ணெய் அல்லது எண்ணெய், பால் பவுடர் ஆகியவற்றால் இளக்குங்கள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக அரைத்துத் தட்டில் தனித்தனியாக வையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்த பழுப்பு நிறக் கூழை யாரும் ஆசையோடு சாப்பிடமாட்டார்கள். தோல், விதை, நார் உள்ளவற்றை அரைத்த பிறகு சல்லடையில் வடிகட்டியே ஆகவேண்டும். சோற்றைக் குறைந்த திரவத்தோடு வெகுநேரம் அரைத்தால் பசையாகி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் குழைய வேகவைத்து, சூடாக இருக்கும்போதே சாறு விட்டுச் சுருக்கமாக அரையுங்கள்.

நிலை 4 சரியாக வந்ததா என்று பார்க்க, ஒரு ஸ்பூன் எடுத்துச் சாய்த்து லேசாக உதறுங்கள். முழுத் திரளாக விழவேண்டும், ஸ்பூனில் மெல்லிய படலத்துக்கு மேல் ஒட்டக்கூடாது. ஒட்டினால் தொண்டையிலும் ஒட்டும். நிலை 5 என்றால் பெரியவர்களுக்குத் துணுக்குகள் 4 மி.மீ. அகலத்துக்குள் இருக்கவேண்டும், அது சாதாரண முள்கரண்டியின் இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி. நிலை 6 என்றால் 15 மி.மீ.க்கு மேல் போகாத துண்டுகள். கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு முள்கரண்டியால் அழுத்தினால் நசுங்கவேண்டும், கையை எடுத்த பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பக்கூடாது.

குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இரட்டைத் தன்மை உள்ள உணவுகளில்தான். காய்த்துண்டு மிதக்கும் சூப், பாலில் ஊறிய பிரெட், ஆறியதும் மேலே நீர் பிரிந்து நிற்கும் கஞ்சி. வாய்க்குள் திரவமும் திடமும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேகத்தில் ஓடும். ஐஸ்கிரீமும் ஜெல்லியும் ஸ்பூனில் கெட்டியாக இருந்தாலும் வாயின் சூட்டில் தண்ணீராகிவிடும். திரவத்துக்குத் தடை இருப்பவருக்கு அவையும் தடைதான்.

ஊட்டும் முறை. முழு விழிப்பில் இல்லாதவருக்கு ஒரு ஸ்பூன்கூடக் கொடுக்கக்கூடாது. மாத்திரை நேரம் தவறுகிறதே என்று எழுப்பி எழுப்பி ஊட்டாதீர்கள். நிமிர்ந்து உட்காரவையுங்கள், இடுப்பு 90 டிகிரிக்கு அருகில் மடங்கியிருக்கட்டும். நீங்களும் உட்காருங்கள், நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து வாங்குவார், அண்ணாந்தால் மூச்சுப்பாதை இன்னும் திறந்துகொள்ளும். 5 மி.லி. ஸ்பூன் போதும். முந்தைய வாய் இறங்கி, குரல்வளை மேலேறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்தது. வலுவிழந்த பக்கக் கன்னத்துக்குள் உணவு தங்கும், முடித்ததும் திறந்து பாருங்கள். பிறகு 30 நிமிடமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். தாடையைத் தாழ்த்தி விழுங்குவது, ஒரு பக்கம் திரும்பி விழுங்குவது எல்லாம் சிலருக்கு உதவும், சிலருக்குக் கேடு. சிகிச்சையாளர் சொல்லாமல் செய்யவேண்டாம். மாத்திரையை நீங்களாகப் பொடிக்காதீர்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடலில் சேரும்.

பல் துலக்கிவிடுவதை யாரும் சமையலோடு சேர்த்து நினைப்பதில்லை. உணவோடும் எச்சிலோடும் நுரையீரலுக்குள் போகும் வாய்க்கிருமிகள்தான் தொற்றாக மாறுகின்றன. காலையிலும் இரவிலும் துலக்குங்கள், ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் வாயைச் சுத்தம் செய்யுங்கள். குழாய் வழியாக உணவு போகிறவருக்கும் இது கட்டாயம். அவருக்கு "நாக்குக்கு ருசியா ஒரே ஒரு வாய்" கொடுக்கும் ஆசை எங்களுக்குப் புரிகிறது. அதை ஒளித்துச் செய்யாமல் சிகிச்சையாளரிடம் கேளுங்கள், பாதுகாப்பாகக் கொடுக்க வழி இருந்தால் சொல்லித்தருவார்.

சாப்பிட்டதும் குரல் ஈரமாக, கொப்பளிப்பது போலக் கேட்டால், மூச்சு வேகமானால், மாலையில் காரணமில்லாமல் காய்ச்சல் வந்தால், ஒரு வேளைச் சாப்பாடு அரை மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டே போனால், எடை குறைந்தால், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். புரையேறி இருமுகிறவருக்குத் தண்ணீர் கொடுக்கவே கூடாது. முன்னால் சாய்ந்து இருமட்டும். இருமவோ பேசவோ முடியாமல் திணறினால் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள், பலனில்லை என்றால் பின்னாலிருந்து அணைத்து மேல்வயிற்றை உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்துங்கள், இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும்.

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கும் திறன் பலருக்குச் சில வாரங்களில் தேறிவிடுகிறது. அதை யாரும் மறுபடி பார்க்காததால் மாதக்கணக்காகக் கூழிலேயே இருப்பவர்கள் உண்டு. மறுபரிசோதனைக்கான தேதியையும் டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்குங்கள். போகும்போது அவர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார், எதற்கு இருமினார் என்று குறித்த நோட்டைக் கொண்டுபோங்கள். எண்ணை மாற்றலாமா என்று முடிவெடுக்க அந்தக் குறிப்பு சிகிச்சையாளருக்குப் பெரிதும் உதவும்.