ரத்தப் படம் பார்க்கிற பயலை விடுங்கள், பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளையைப் பாருங்கள்

இந்த மழைக்காலத்தில் இது நான்காவது குடும்பம். அப்பா முன்னால் வந்தார், கையில் மகனுடைய போன், தொண்டிப்பொருளைப் பிடித்திருப்பதுபோல. பின்னால் பிளஸ் டூ படிக்கிற பையன், தரையைப் பார்த்தபடி. கடைசியில் அம்மா, தோளில் ஆறு வயதுப் பெண் குழந்தை.

"சாரே, எனக்க பய ராத்திரி பூரா வெட்டு குத்து படமாட்டுதான் பாக்கான். முகமூடி போட்ட ஒருத்தன் ஒவ்வொருத்தரையா அறுக்கான், இவன் சிரிச்சுக்கிட்டுக் கிடக்கான். மூளைய ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்திரலாமா?"

பார்த்த படமெல்லாம் ஸ்கேனில் வராது என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். நாகர்கோவிலில் மனநல மருத்துவம் பார்ப்பவனுக்கு நாவடக்கம் பாதிச் சிகிச்சை. (இந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். மேற்கே ரப்பர் தோட்டப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

முதலில் பையனிடம் தனியாகப் பேசினேன். பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. அமெரிக்காவில் 1978-இல் வந்த ‘ஹாலோவீன்’ பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். "சார், அந்த முகமூடி 2 டாலர்கூட இல்ல, தெரியுமா? ஒரு டிவி சீரியல் ஹீரோவுக்க முகம். கடையில வாங்கி, வெள்ளையடிச்சு, கண்ணு ஓட்டைய பெருசாக்கிட்டாங்க. அவ்வளவுதான்!" கதை நடப்பது இலை உதிர்கிற அக்டோபரில், எடுத்ததோ வசந்த காலத்தில். அதனால் சாயம் பூசிய இலைகளைத் தெருவில் கொட்டிப் படம்பிடித்து, முடிந்ததும் பொறுக்கி எடுத்து அடுத்த காட்சிக்குக் கொண்டுபோனார்கள் என்றான். இசையமைக்கத் தனியாக ஆள் வைக்கக் காசில்லை, இயக்குநர் ஜான் கார்பெண்டரே இசையும் அமைத்தார் என்றான். செலவு சுமார் 3 லட்சம் டாலர், வசூல் சுமார் 7 கோடி டாலர். கணக்கில் தேறாத பையன் என்று அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது.

"கொலை பாக்கவா இதைப் பாக்கே?" என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அது ரத்தமே இல்ல சார். சர்பத்து."

சரியாகத்தான் சொன்னான். 1960-இல் வந்த ‘சைக்கோ’வில் குளியலறையில் ஓடுகிற ரத்தம் சாக்லெட் பாகு. கறுப்பு வெள்ளைப் படம், யாருக்கும் தெரியாது. கத்தி இறங்குகிற சத்தத்துக்கு முலாம்பழத்தைக் குத்தினார்கள். 1974-இன் ‘டெக்சாஸ் செயின்சா’ படத்தைப் பெயரைக் கேட்டே பயப்படுகிறவர்கள் உண்டு. பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ரத்தம் அதிகம் கிடையாது. நாம் பார்த்ததாக நினைப்பதில் முக்கால்வாசி நம் தலைக்குள் எடுத்த படம்.

மலிவுதான் இந்தப் படங்களின் ருசி. பெரிய செலவில் எடுத்த பேய்ப் படத்தில் தையல் தெரியாது. இதில் தெரியும். ரப்பர்க் கை ஆடுவது, ஓடுகிற பெண் சமதளத்தில் தடுக்கி விழுவது, ‘பிரிந்து போய்த் தேடுவோம்’ என்று ஒரு மடையன் சொல்வது. நான்கு பையன்கள் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து "எலே, கீழ போவாதலே!" என்று கத்துவதில் இருக்கிற சுகம் அதுதான். திரைக்குள் இருப்பவனைவிட நான் புத்திசாலி. பயந்தேன், ஆனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டம் பாறையிலிருந்து கடலில் குதிக்கிற பயல்களும் இதே சுகத்தைத்தான் தேடுகிறார்கள். படம் பார்ப்பவனுக்கு எலும்பாவது மிஞ்சும்.

நானும் யோக்கியன் இல்லை. எண்பதுகளில் மார்த்தாண்டத்திலிருந்து டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்துவந்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டுவோம். மூன்றாவது எப்போதும் இந்த வகை. காசு பத்தாதபோது கடைக்காரர் தள்ளிவிடுகிற கேசட் அது.

இப்போது எனக்கு எரிச்சல் வரும் இடம். ‘வெட்டுக்குத்துப் படம் பார்த்தால் பையன் வெட்டுவான், குத்துவான்.’ இதை அப்பாக்கள் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் சொல்கிறார்கள், பிரசங்கத்தில் சொல்கிறார்கள், சில சமயம் என்னைப் போன்ற டாக்டர்களே சொல்லித் தொலைக்கிறார்கள். உலகம் முழுக்க எத்தனை கோடிப் பேர் இதைப் பார்க்கிறார்கள்? அத்தனை பேரும் கத்தியோடா அலைகிறார்கள்? அவன் சிரிப்பதுதான் உங்களைப் பயமுறுத்துகிறது என்றால் அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். பயத்தில் நெஞ்சு படபடக்கும். காட்சி முடிந்த பிறகும் அந்தப் படபடப்பு உடனே அடங்காது. அடுத்து வருகிற உணர்ச்சி எதுவோ அதில் போய்ச் சேரும். ஆள் தப்பித்துவிட்டால் அதே படபடப்பு குதூகலமாக மாறும். டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர் இதை எழுபதுகளிலேயே விளக்கிவிட்டார். கொலைக்கு அவன் சிரிக்கவில்லை. தப்பித்ததற்குச் சிரிக்கிறான்.

அந்த அப்பாவிடம் கேட்டேன்: "ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்பீர்களா?" கேட்பாராம். நடுச்சாமத்தில் நீலி கதையா? "பின்னே!" நகைக்காக, உறங்குகிற பெண்ணின் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான் ஒருத்தன். அவள் மறுபிறவியில் வருகிறாள், கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழி தீர்க்க. பழைய பாவம், பல வருடம் கழித்துத் திரும்பி வருகிற உருவம், ஒவ்வொன்றாகச் சாவு. முகமூடிப் படங்களில் பாதிக்கு இதே கதைதான். "சின்ன வயசிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தீங்களே, யாரையாவது கொன்னீங்களா?" அவர் முதல்தடவையாகச் சிரித்தார்.

கவலைப்படவேண்டிய பையன் எவன் என்றும் சொல்லிவிடுகிறேன். நாயையும் பூனையையும் வதைப்பவன். யாரையாவது பெயர் சொல்லி ‘இவனை இப்படிச் செய்வேன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்பவன். தன் கையையே கீறிக்கொள்பவன். கூட்டாளிகளை விட்டு ஒதுங்கிப் பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் கிடப்பவன். இவர்களைக் கூட்டி வாருங்கள், அவர்கள் பக்திப் படமே பார்த்தாலும் சரி.

இன்னொன்று. குடும்ப வாட்ஸப் குழுவில் விபத்து வீடியோ போடுகிற பெரியவர்களே, லாரிக்கு அடியில் கிடக்கிற ஆளை, ‘ஐயோ பாவம், ஹெல்மெட் போடுங்கள்’ என்ற வரியோடு அனுப்புகிறீர்களே, அது சர்பத்து இல்லை. அதற்கு முடிவு கிடையாது, தப்பித்த நிம்மதி கிடையாது, அந்த மனிதருக்கு ஒரு வீடு உண்டு. அதைப் பார்த்த பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். மகனுடைய போனைப் பிடுங்கும் முன் உங்கள் போனை ஒருமுறை திறந்து பாருங்கள்.

சரி, பையன் கதை முடிந்தது. அவனுக்கு வியாதி இல்லை. உறக்கம் கெடுகிறது, அதற்குத் திட்டினேன். 17 வயது, ‘ஏ’ சான்றிதழ் என்றால் 18, அதையும் சொன்னேன்.

பேசி முடித்துக் கதவைத் திறந்தால், அந்தப் பெண் குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்து, அறையின் சன்னல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. கையில் மூன்று கயிறு, மூன்றும் வேறு வேறு நிறம்.

"இவளுக்கு என்ன?"

"இவளுக்கு ஒண்ணுமில்ல சார். காத்து பட்டிருக்கு. மூணு வாரமா ஒறங்க மாட்டேங்கா, படுக்கையில மோண்டு போடுதா. மந்திரிச்சுக் கயிறு கட்டியாச்சு."

படம் பார்த்தவனை ஸ்கேனுக்குக் கூட்டி வந்தவர்களுக்கு, அதே அறையில் அதே பாயின் மறு ஓரத்தில் படுத்திருந்தவள் கண்ணில் படவில்லை. ‘சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன புரியும்?’ என்பார்கள். புரியாததுதான் பிரச்சினை! ஆறேழு வயது வரை பிள்ளைக்கு நடிப்புக்கும் நிஜத்துக்கும் நடுவில் கோடு அழுத்தமாக விழுவதில்லை. பார்க்கக் கோரமாக இருப்பது எல்லாம் ஆபத்து. அண்ணன் தையலைப் பார்க்கிறான், இவள் துணியை மட்டும் பார்க்கிறாள். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் பொழுதுபோக்குக்காகப் பயப்படுவதையே ஆராய்கிற கூடம் ஒன்று இருக்கிறது. பேய் வீட்டுக்குள் போகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்து அவர்கள் கண்டது: பயம் குறைந்தால் சலிப்பு, மிஞ்சினால் வேதனை, இரண்டுக்கும் நடுவில்தான் இன்பம். அந்த நடு எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருக்காது. அண்ணனுக்கு இன்பமாக இருந்த அதே ஒன்றரை மணி நேரம் தங்கைக்கு எல்லை தாண்டிவிட்டது.

தாளும் கிரேயானும் கொடுத்தேன். ஓர் ஆளை வரைந்தாள். கையில் கத்தி. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மஞ்சள் வட்டம். படத்தில் வருகிற முகமூடி என்று நினைத்தேன். ஆனால் அது வெள்ளை, இது மஞ்சள். கத்தியும் நீளமாக இல்லை, குட்டையாக, நுனி வளைந்து இருந்தது.

"இந்த மாமாவுக்கு ஏன் முகமில்லை?"

"லைட்டு."

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற தொழிலாளி. விடியும் முன்னே, மூன்று மூன்றரைக்கு எழுந்து, தலையில் ஹெட்லைட்டைக் கட்டி, கையில் பால்வெட்டுக் கத்தியோடு, பிள்ளைகள் படுத்திருக்கிற அறை வழியாகத்தான் வெளியே போவார். போகும்போது குனிந்து பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது அவருடைய வழக்கம். ஹெட்லைட் கட்டிய ஆள் குனிந்தால் படுத்திருப்பவருக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும். மூன்று வாரமாக அந்த நேரத்தில்தான் அலறியிருக்கிறாள். பேய் பிடித்துவிட்டது என்று அவரே அடுத்த கயிற்றுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

இப்படிப் பயந்த பிள்ளையிடம் ‘அது சும்மா சினிமாதானே மக்களே’ என்று விளக்கிப் பயனில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது உதவும். சின்னதுக்கு மடி வேண்டும், வெளிச்சம் வேண்டும், தொட்டுப் பார்க்கக் கையில் பொருள் வேண்டும். அவரிடம் சொன்னேன்: முற்றம் தாண்டும்வரை லைட்டைப் போடாதீர்கள். கத்தியை வெளித் திண்ணையில் வையுங்கள். பகலில் அவள் கண்முன்னே ஹெட்லைட்டை மெதுவாகக் கட்டுங்கள், கழற்றுங்கள், பிறகு அவள் தலையில் கட்டிவிடுங்கள். மருந்து எழுதவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மற்றவர்களுக்கு. கோயில், சர்ச், பள்ளிவாசல் எங்கே வேண்டுமானாலும் மந்திரியுங்கள், எனக்குச் சண்டையில்லை. அடிக்காதீர்கள், புகை போடாதீர்கள், இருட்டில் அடைத்துப் ‘பயத்தைத் தெளிய’ வைக்காதீர்கள். சாப்பிடாவிட்டால் முகமூடிக்காரன் வருவான் என்று சொல்கிற பாட்டிமாரே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம். உறங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண்ணைத் திறந்தபடி அலறி, உங்களை அடையாளம் தெரியாமல், காலையில் ஒன்றும் நினைவில்லாமல் எழுந்தால் அது கெட்ட கனவு இல்லை, இரவு அலறல். உலுக்கி எழுப்பாதீர்கள், இடித்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருந்தால் போதும். விடியற்காலை எழுந்து கதையாகச் சொன்னால் அது கனவு. கைகால் ஒரே மாதிரி வெட்டி இழுத்தாலோ, வாயில் நுரை தள்ளினாலோ இரண்டும் இல்லை, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

2024 முதல் தணிக்கைச் சான்றிதழிலேயே யு/ஏ 7+, 13+, 16+ என்று வயது போடுகிறார்கள். ஓடிடி தளங்கள் 13+ முதல் பூட்டுப்போடும் வசதி தரவேண்டும் என்று 2021-லிருந்து விதி உண்டு. எத்தனை வீட்டில் பூட்டியிருக்கிறீர்கள்? என் கிளினிக்கில் கேட்டால் எல்லாரும் மேலே விசிறியைப் பார்க்கிறார்கள். துண்டு துண்டாகப் போனில் வருகிற காட்சிகளுக்கு அந்த எண்ணும் கிடையாது. பெரிய பயல்களே, உங்களுக்குத் தனியாக: பாருங்கள், ஆனால் சின்னதுகள் உறங்குகிற அறையில் வேண்டாம். ஹெட்செட் போட்டிருப்பதாகச் சொல்லாதீர்கள், திரை தெரிகிறது. உறக்கம் சில வாரமாகக் கெட்டே இருந்தால், நாகர்கோவில் வர முடியாவிட்டாலும் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடலாம், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

அந்தக் குடும்பம் ஒரு மாதம் கழித்து வந்தது. பகல் பதினொரு மணி. குழந்தை அப்பாவின் ஹெட்லைட்டைத் தலையில் கட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். பட்டை பெரிதாக இருந்ததால் பின்னால் ஒரு முடிச்சு. கழற்றச் சொன்னதற்கு மாட்டேன் என்றாள். மேசைமேல் எம்பி, சுவிட்சைத் தட்டி, நேராக என் முகத்தில் வெளிச்சத்தை அடித்தாள்.

"சார், நான் யாருன்னு தெரியுதா?"

தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.