வெளிநாட்டு பிஎச்.டி. உதவித்தொகை: பணம் தருவது யார் என்று முதலில் பாருங்கள்

வளரும் நாடுகளிலிருந்து வெளிநாட்டு பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டுவது என் வேலை. அவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எந்த ஸ்காலர்ஷிப்புக்குப் போட்டால் கிடைக்கும்?" என்பதுதான். அந்தப் பணத்தைத் தருவது யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரிந்தால், விண்ணப்பத்தைப் படிக்கப்போவது யார் என்பதும் தெரிந்துவிடும். என்ன எழுதுவது என்ற பேச்சே அதற்கு அப்புறம்தான்.

நெதர்லாந்து, ஸ்வீடன், நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பள வேலை. பல்கலைக்கழகம் அதைக் காலியிடமாக அறிவிக்கும். ஸ்காலர்ஷிப் பட்டியல்களை மட்டும் மேய்ந்துகொண்டிருப்பவர் கண்ணில் இந்த இடங்கள் படுவதே இல்லை. பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களிலும் ஐரோப்பிய ஆணையத்தின் யூராக்செஸ் தளத்திலும் தேட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடக்கும் மரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் இடங்களும் அங்கே வரும். அவற்றுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வேலையில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், வேலை இருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. அதே நாட்டில் முதுகலை படித்தவர்கள் இந்த விதியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் ஆய்வு நெறியாளர். விளம்பரத்தில் கேட்ட வேலை உங்களுக்குத் தெரியுமா என்றுதான் அவர் பார்ப்பார். வாழ்க்கை லட்சியத்தை அவரிடம் இரண்டு பத்தி விவரிப்பதில் பயனில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பல துறைகளில் சேர்க்கையோடு சேர்ந்தே பணமும் வரும். கல்விக் கட்டணம் தள்ளுபடியாகும். வகுப்பு எடுப்பதற்கோ ஆய்வில் உதவுவதற்கோ ஸ்டைபெண்ட், அதாவது மாதாந்திர உதவித்தொகை, கிடைக்கும். இளங்கலை முடித்துவிட்டு நேராக பிஎச்.டி. சேரவும் பல இடங்களில் வழியுண்டு. விண்ணப்பக் கட்டணம்தான் பலரைத் தயங்க வைக்கிறது. நிறைய பல்கலைக்கழகங்கள் கேட்டால் அதைத் தள்ளுபடி செய்கின்றன, கேட்பவர்தான் குறைவு. இன்னொன்று: நிதியுதவியோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதென்று ஏராளமான பல்கலைக்கழகங்கள் ஓர் உடன்பாட்டை ஏற்றிருக்கின்றன. "இரண்டு நாளில் முடிவைச் சொல்" என்று யாராவது நெருக்கினால், அந்த உடன்பாட்டை ஏற்றவற்றின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது வகை, அரசுகள் தருவது. பிரிட்டனின் காமன்வெல்த், ஜெர்மனியின் டாட் (DAAD), ஜப்பானின் மெக்ஸ்ட் (MEXT), அமெரிக்காவின் ஃபுல்பிரைட் எல்லாம் இதில் அடங்கும். இவற்றின் தேர்வுக் குழுவில் உங்கள் துறைக்காரர் இல்லாமலும் போகலாம். காமன்வெல்த் விண்ணப்பத்தில், உங்கள் ஆய்வால் உங்கள் நாட்டின் வளர்ச்சிக்கு என்ன பயன் என்ற கேள்வி கனமானது. "நாட்டுக்குச் சேவை செய்வேன்" என்றெல்லாம் எழுதினால் எடுபடாது. எந்தத் துறையில், யாருக்கு, எந்த வழியாக அந்தப் பயன் போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டும். உங்கள் நாட்டில் பெயர்களைப் பரிந்துரைக்கும் அமைப்பின் கடைசித் தேதி தனியாக இருக்கும், அதையும் தவறவிடாதீர்கள். திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனையையும் முன்பே படியுங்கள். ஃபுல்பிரைட்டில் போனால், படிப்பு முடிந்து சொந்த நாட்டில் இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். அதற்கு முன் அமெரிக்காவில் வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ பெறுவது கடினம்.

பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டுப் படிப்புக்கும் பிஎச்.டி. கனவோடு விண்ணப்பம் தயாரிப்பவர்களை இன்னமும் பார்க்கிறேன். இரண்டும் முதுகலைக்கானவை. அதிகம் பேசப்படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் ட்ரியெஸ்டே நகரிலிருந்து இயங்கும் ஓ.டபிள்யூ.எஸ்.டி. (OWSD) என்ற, வளரும் நாடுகளின் பெண் அறிவியலாளர்களுக்கான அமைப்பு, அறிவியல் தொழில்நுட்பத்தில் பின்தங்கிய நாடுகளின் பெண்களுக்கு, வேறொரு வளரும் நாட்டில் பிஎச்.டி. செய்ய நிதி தருகிறது. மேற்கு நாடுகளை மட்டுமே பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

"முழு நிதியுதவி" என்ற சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். பிரிட்டனின் ஆய்வு நிதி அமைப்பான யு.கே.ஆர்.ஐ. தரும் இடங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொதுவாக 30 சதவீதம் வரைதான் ஒதுக்க முடியும். கல்விக் கட்டணத்தில் அந்த நிதி உள்நாட்டு மாணவருக்கான அளவைத்தான் ஈடுகட்டும். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம், மீதியைப் பல்கலைக்கழகம் ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆய்வகச் செலவுக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, பயணச் செலவு, எத்தனை ஆண்டுக்குப் பணம் என்பதையெல்லாம் கேட்பதில் கூச்சமே வேண்டாம். அந்தக் கேள்விகள் அவர்களுக்குப் பழகியவைதான்.

இனி, பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல். இதில்தான் நல்ல மாணவர்களும் சறுக்குகிறார்கள். "மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி, தங்கள் மகத்தான ஆய்வுகளால் கவரப்பட்டேன்" என்று ஆரம்பிக்கும் கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் நூறு பேரும் ஒரே நொடியில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இப்போது அந்தப் புகழ்ச்சியையும் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருவதால் எல்லாக் கடிதமும் ஒரே குரலில் பேசுகின்றன. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றையாவது முழுதாகப் படியுங்கள். அதில் பதில் கிடைக்காமல் நின்ற ஒரு கேள்வி, அதைத் தொட்டு நீங்கள் செய்த வேலை, கையில் இருக்கும் திறன், எந்த நிதிக்கு எப்போது விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்ற விவரம், இவ்வளவும் பத்துப் பன்னிரண்டு வரியில் அடங்கும். மதிப்பெண்ணுக்கு ஒரு வரி போதும், மீதி சிவியில் இருக்கட்டும். இரண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவரைப் பாருங்கள். கல்லூரியில் உடன் படித்தவனுக்கு இருபது மடலில் இடம் கிடைத்தது என்பதற்காக உங்களுக்கும் அப்படி நடக்க வேண்டியதில்லை.

பரிந்துரைக் கடிதம் இன்னொரு தலைவலி. "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியர்கள் எங்கும் இருக்கிறார்கள். அப்படி வரும் இரண்டு மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருப்பது தேர்வுக் குழுவுக்குத் தெரியாமல் போகாது. முழுக் கடிதத்தை எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, அவரிடம் நீங்கள் செய்த புராஜெக்ட், அதில் வந்த சிக்கல், அதை எப்படித் தீர்த்தீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு கொடுத்து, அவரையே எழுதச் சொல்லுங்கள். உங்கள் பெயரே ஞாபகமில்லாத துறைத்தலைவரைவிட, உங்களோடு ஆய்வகத்தில் நின்ற உதவிப் பேராசிரியரின் கடிதத்துக்கே மதிப்பு அதிகம். அவர் அதைத் தன் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்பட்டும்.

ஏஜென்ட்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டணம் கட்டிச் சேரும் மாணவரால்தான் அவர்களுக்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் வரும். நிதியுதவியோடு போகும் பிஎச்.டி. மாணவரால் அவர்களுக்கு லாபம் இல்லை. ஆகவே "ஸ்காலர்ஷிப் உறுதி, பிராசஸிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அழைப்பு வந்தபின், ஒப்புக்கொள்வதற்கு முன் அந்த ஆய்வுக் குழுவில் இப்போது படிக்கும் இரண்டு பேரிடம் பேசுங்கள். பேராசிரியர் எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கிறார், கடைசியாக முடித்தவர் எத்தனை ஆண்டு எடுத்தார், முதல் ஸ்டைபெண்ட் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விசாக் கட்டணம், பிரிட்டன் என்றால் படிப்புக்காலம் முழுவதற்குமான மருத்துவக் கட்டணம், வீட்டு முன்பணம் எல்லாம் அதற்கு முன்பே கட்டியாக வேண்டியவை. அந்தத் தொகையைப் பல்கலைக்கழகம் முன்பணமாகத் தருமா, பிறகு திருப்பித் தருமா என்று சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு மடல் எழுதிக் கேட்டுவிடுங்கள்.