இன்ஜினைப் பார்க்கும் முன் தரைப்பலகையைத் தூக்குங்கள்

போன வருஷம் ஜூன் மாதம், விடியும் முன்னே போன் அடித்தது. "ஆசானே, போட்டு தாந்துபோச்சு" என்றார் மார்த்தாண்டத்துக்காரர். வளைகுடாவில் பல வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். கொச்சிப் பக்கத்திலிருந்து 28 அடி கேபின் குரூசர் ஒன்றை வாங்கி வந்து பூவாற்றில், நெய்யாறு கடலில் சேரும் பொழிக்குக் கொஞ்சம் மேலே கட்டியிருந்தார். உள்ளே இரண்டு படுக்கை, சின்ன அடுப்படி, ஒரு கக்கூஸ், தரைக்கு அடியில் டீசல் இன்ஜின். முப்பது வயது தாண்டிய பைபர் படகு.

பொழியூரிலிருந்து நான் போய்ச் சேரும்போது மழை விட்டிருந்தது. படகு முழுசாகப் போகவில்லை. கயிறு இழுத்துப் பிடித்ததில் அணியம் (முன்பக்கம்) மேலே நிற்க, அமரம் (பின்பக்கம்) தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தது. புதிதாகத் தைத்துப் போட்ட மெத்தைகள் கேபினுக்குள் மிதந்தன. பம்பு வைத்து இறைத்து முடிக்க மத்தியானம் ஆனது. தேடிப் பார்த்தால் அடியில் விரிசல் இல்லை, எங்கும் இடித்த தடமும் இல்லை. கக்கூஸுக்கு ஆற்றுத் தண்ணீர் எடுக்கும் ரப்பர் ஹோஸின் கிளிப் துருப்பிடித்து அறுந்து, ஹோஸ் கழன்று கிடந்தது. அவ்வளவுதான்.

படகு வாங்கிய நாலு மாதத்தில் அவர் இன்ஜினை ஓவர்ஹால் செய்தார், பெயின்ட் அடித்தார், பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் மாட்டினார். கக்கூஸ் பக்கத்துத் தரைப்பலகையை மட்டும் யாரும் தூக்கவில்லை. ஓவர்ஹால் செய்தது நான்தான். இன்ஜின் வேலைக்குத்தானே கூப்பிட்டார் என்று அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

தேங்காய்ப்பட்டணத்திலும் குளச்சலிலும் மீன்பிடிப் போட்டுகளில் வேலை கற்றவன் நான். மீன்பிடிப் போட்டு தினமும் ஓடும். அதில் ஏறுகிற நாலு பேரில் ஒருவர் கண்ணிலாவது கோளாறு பட்டுவிடும். சொந்த உல்லாசப் படகு அப்படியில்லை. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு ஓடும், மீதி நாள் கட்டிக் கிடக்கும். இவ்வளவு வருஷத்தில் நான் கரையேற்றிய பழைய கேபின் படகுகளில் ஓட்டத்தின்போது முங்கியவை குறைவு. பெரும்பாலும் கட்டிப்போட்ட இடத்தில், ராத்திரியில், ஆளில்லாத நேரத்தில் முங்கியவைதான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். தண்ணீர் மட்டத்துக்கு இரண்டடி கீழே ஒன்றரை அங்குல ஓட்டை ஒன்று திறந்தால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். படகில் இருந்த பில்ஜ் பம்பின் (அடியில் தேங்கும் தண்ணீரை வெளியே இறைப்பது) மேல் மணிக்கு 500 கேலன் என்று எழுதியிருந்தது. அமெரிக்கக் கேலன் கணக்கில் அது நிமிடத்துக்கு 31 லிட்டர் சொச்சம். அதுவும் பேட்டரி முழுச் சார்ஜில் இருந்து, தண்ணீரை மேலே ஏற்றாமல் நேராகத் தள்ளினால். அந்த ஹோஸ் ஒன்றரை அங்குலம் இல்லை, முக்கால் அங்குலம்தான். ஆனாலும் அதன் வழியாக வந்த தண்ணீர் பம்பின் சக்திக்குச் சமமாக நின்றது. பம்பு ஓடி ஓடி பேட்டரி தீர்ந்தது, அதன்பின் தடுக்க எதுவும் இல்லை. ஆட்டோமேட்டிக் பம்பு இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

படகின் அடியில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று உரிமையாளரைக் கேட்டால் பெரும்பாலும் "ஓட்டையா?" என்று முறைப்பார்கள். இன்ஜின் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்க ஒன்று, கக்கூஸுக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று, அடுப்படித் தொட்டிக்கு ஒன்று, ப்ரொபெல்லரைச் சுற்றும் ஷாஃப்ட்டுக்கு ஒன்று, சுக்கானுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து ஒரு தாளில் வரைந்து கேபின் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். தண்ணீர் வழி ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு இருக்கும். கையால் திருப்பிப் பாருங்கள். பழைய படகில் பாதி வால்வு இறுகிப் போயிருக்கும். சுத்தியலால் அடித்துத் திறக்க முயன்று வால்வையே உடைத்து ஆற்றை உள்ளே விட்டவர் உண்டு. அந்த வேலையை, படகைக் கரையேற்றும் ஸ்லிப்பில் ஏற்றிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வு என்ன உலோகம் என்பது அதைவிட முக்கியம். ஹார்டுவேர் கடையில் வீட்டுக் குழாய்க்கு விற்கிற பித்தளை வால்வைப் படகில் போட்டிருப்பார்கள். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கிறது. உப்புத்தண்ணீர் துத்தநாகத்தை மட்டும் மெல்ல உறிஞ்சிவிடும். வெளியே பார்த்தால் வால்வு முழுசாகத்தான் தெரியும். கத்தி முனையால் லேசாகச் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் ரோஸ் நிறம் தெரியும். மிஞ்சியிருப்பது பஞ்சு மாதிரியான செம்புக் கூடு, கையால் தட்டினாலே உடையக்கூடியது. வெண்கல வால்வு போடுங்கள். ஒவ்வொரு ஹோஸுக்கும் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் கிளிப் இரண்டிரண்டு. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும், மென்மையான மரத்தில் கூம்பாகச் செதுக்கிய ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸ் கழன்றால் அதை அடித்துச் செருகலாம். மரம் ஊறி இறுகிக்கொள்ளும். எங்கள் தாத்தா காலத்து வள்ளக்காரர்களுக்கும் தெரிந்த வைத்தியம்தான்.

அடுத்தது கிளாண்டு. ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் இடத்தில் எண்ணெய் ஊறிய கயிற்றை அடைத்து நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். ஓடும்போது அங்கே நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். அந்தச் சொட்டுதான் ஷாஃப்ட்டைக் குளிர வைக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், "ஒரு சொட்டுகூட வரக்கூடாது" என்று ஒரு முதலாளி அடம்பிடித்தார் என்று முழுக்க இறுக்கிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் கயிறு கருகி, ஷாஃப்ட்டில் விரல் வைத்தால் உணரும் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. புது ஷாஃப்ட்டுக்கு என் கைக்காசும் போனது. சொட்டச் சொட்ட இருப்பதுதான் சரி, ஒழுகினால்தான் கோளாறு. ஓடி நின்றதும் கிளாண்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடென்றால் தளர்த்த வேண்டும்.

இன்ஜின் பற்றி நான் சொல்லாமல் விடுவேனா? ஆனால் இங்கேயும் பிஸ்டனையோ வால்வையோ சொல்லப் போவதில்லை, கடல்தண்ணீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரைச் சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் சின்ன சாமான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஒரு நிமிடத்திலேயே கருகத் தொடங்கும். எங்கள் பக்கத்து ஆற்றில் பாயல் (பாசி) இருக்கிறது, பிளாஸ்டிக் பை இருக்கிறது, பொழி அருகே மணல் வேறு. வடிகட்டி அடைத்தால் இம்பெல்லர் போய்விடும். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கழற்றும்போது அதன் இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் புதியதை மாட்டி வேலையை முடித்துவிடக் கூடாது. உடைந்த துண்டு போய், இன்ஜின் சூட்டைத் தணிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் விட்டால் அடுத்த மாதம் இன்ஜின் கொதிக்கும். ஸ்டார்ட் செய்ததும் புகைக்குழாயை எட்டிப் பார்த்து, தண்ணீர் துப்புகிறதா என்று கவனிப்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி பழக்கமாகிவிட்டது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். இன்ஜின் சுற்றும்போதெல்லாம் பம்பும் தண்ணீரைத் தள்ளுகிறது. அதை வெளியே தள்ளப் புகைவேகம் இல்லாததால் தண்ணீர் சைலன்சரில் நிறைந்து, பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள் இறங்கிவிடும். பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளையும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் முயல வேண்டியிருந்தால் தண்ணீர் வால்வை மூடிக்கொண்டு முயலுங்கள். ஸ்டார்ட் ஆனவுடன் திறக்க மறக்காதீர்கள்.

டீசல் டாங்கைப் பாதி நிரப்பிப் போட்டு வைத்தால் மேலே உள்ள காற்றின் ஈரம் வியர்த்துத் தண்ணீராகி அடியில் சேரும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து, கறுப்புக் கஞ்சி மாதிரி ஒன்று பில்டரை அடைக்கும். கட்டி வைக்கும்போது டாங்க் நிறைந்திருக்கட்டும்.

பெட்ரோல் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு என் பயமே வேறு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரைக்கு அடியில் போய்த் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோயரை நாலு நிமிடமாவது ஓட்டி, பலகையைத் தூக்கி மோந்து பார்த்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸையும் பழைய பைபர் டாங்கையும் அது இளக வைக்கும். முப்பது வருஷத்துக்கு முன் கட்டியவர்கள் இதை நினைத்துக் கட்டவில்லை.

ஏ.சி. ஓட்டுவதற்காகப் பின்தட்டில் பெட்ரோல் ஜெனரேட்டரை வைத்துவிட்டு கேபினுக்குள் படுக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒருமுறை இரண்டு பேர் தலைவலி, வாந்தி என்று வெளியே வந்தார்கள். ஆற்றில் கட்டிப்போட்ட படகில் என்ன கடல்காய்ச்சல்? நல்ல வேளை, தூங்கும் முன் வந்துவிட்டார்கள். கேபினுக்குள் ஒரு அலாரம் மாட்டுங்கள். கரையிலிருந்து வயர் இழுத்து மின்சாரம் எடுப்பவர்கள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் எடுக்கவே கூடாது. மழைக்காலத்தில் நெய்யாறு நல்ல தண்ணீராக ஓடும்போது கசிகிற மின்சாரம் உப்புத்தண்ணீரில் இருப்பதைவிட நீந்துபவருக்கு ஆபத்து. நல்ல தண்ணீரைவிட மனித உடம்பு மின்சாரத்தை எளிதாகக் கடத்தும்.

இதே உப்பு, நல்ல தண்ணீர் மாற்றம் ஆனோடுக்கும் பொருந்தும். ஷாஃப்ட்டுக்கும் ப்ரொபெல்லருக்கும் பதிலாகத் தன்னை அரித்துக்கொள்ளும் உலோகத் துண்டு அது. கடலுக்குப் போகும் போட்டுகளுக்கு சிங்க் (துத்தநாகம்) சரி. பொழிமுகத்து ஆற்றில் சிங்கின் மேல் ஒரு தோல் படிந்து வேலை செய்வதை நிறுத்திவிடும். இங்கே அலுமினிய ஆனோடுதான் பொருத்தம். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அழகுக்காக அதன் மேலும் பெயின்ட் அடித்துவிடாதீர்கள், அதை நானே மூன்று படகில் சுரண்டியிருக்கிறேன்.

பைபர் அழியாது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பைபர் அழியாது, சரி. அதற்குள் மூடி வைத்த பிளைவுட்டும் மரமும் அழியும். மேல்தளத்தில் ஒரு ஸ்குரு ஓட்டை வழியாக மழைநீர் இறங்கினால் போதும். ஸ்குரு டிரைவர் பிடியால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிற அதே காதுதான். கணீரென்று வந்த சத்தம் தொப்பென்று மாறும் இடத்தில் உள்ளே மக்கியிருக்கிறது. அங்கே பாத்ரூம் சிலிக்கான் பூசி மூடுவது ஏமாற்று வேலை. வெட்டித் திறந்து, மக்கியதை எடுத்து, நன்றாகக் காயவைத்து எபாக்ஸியில் கட்ட வேண்டும். அடிப்பகுதியில் கொப்புளம் இருந்து, குத்தினால் வினிகர் மணத்தோடு நீர் வந்தால், பைபருக்குள் தண்ணீர் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். பதறவேண்டாம், அதனால் படகு ஒரே நாளில் முங்காது. ஆனால் காயவைக்க மாதக்கணக்கில் கரையில் நிற்க வேண்டும். ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் ஸ்லிப்பில் இடம் கிடைக்காது, எல்லா மீன்பிடிப் போட்டும் ஏறி நிற்கும். முன்னமே சொல்லி வையுங்கள். பெயின்ட் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அதைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மார்த்தாண்டத்துக்காரர் படகைத் தேற்றிய பிறகு அடுத்த ஆசைக்கு வந்தார். கேபின் கூரை மேல் தளம் போட்டு, பத்து இருபது பேரை ஏற்றிக் காட்டினால் செலவு மீளுமே என்றார். நான் தானூரைச் சொன்னேன். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்தில் மீன்பிடிப் படகை மாற்றி இரண்டு தட்டாக்கிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பாரம் மேலே ஏற ஏறப் படகு நிமிர மறுக்கும். அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தால் சாயும் பக்கமே அதுவும் ஓடும். 2021-ஆம் வருஷத்து உள்நாட்டு கலங்கள் சட்டப்படி பதிவும் சர்வேயும் (படகுப் பரிசோதனை) இன்சூரன்ஸும் வேண்டும். ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்று மற்ற மாநிலத்திலும் செல்லும் என்பது கேரள, தமிழ்நாடு எல்லையில் இருக்கிற நமக்கு வசதி. ஆனால் சர்வேக்குப் பின் கட்டிய தளத்துக்கு அந்தச் சான்று பொருந்தாது. "வேண்டாம் ஆசானே, விடுங்க" என்றார்.

இப்போது அவர் பம்பு எத்தனை தடவை ஓடியது என்று காட்டும் சின்ன கவுண்டர் ஒன்றை மாட்டியிருக்கிறார். படகுப் பக்கம் போகிற நாளெல்லாம் முதலில் தரைப்பலகையைத் தூக்கி, டார்ச் அடித்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறார். ஈரம், ஒரு பழைய துணி, வால்வுகள். நேற்று வந்த படத்தில் கிளிப் ஒன்றில் மட்டும் லேசாகச் செம்பழுப்பு. சனிக்கிழமை போய் மாற்ற வேண்டும்.