அபாயச் சங்கு ஊரெங்கும் கேட்பது எப்படி?

ஒலி எழுப்பும் கருவிகளில் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பொருள் அதிர்கிறது: வீணையில் தந்தி, மிருதங்கத்தில் தோல், ஒலிபெருக்கியில் மெல்லிய கூம்பு. சைரன் எனப்படும் அபாயச் சங்கின் மரபான வகையில் அவ்வாறு அதிரும் பாகம் எதுவும் இல்லை. அது வேகமாகப் பாயும் காற்றை விநாடிக்குப் பல நூறு முறை மறிப்பதும் திறந்துவிடுவதுமாக இருக்கிறது. அவ்வளவே அதன் வேலை. வழி திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்று ஒரு துடிப்பாக வெளியேறுகிறது, அடைபடும்போது நின்றுவிடுகிறது. இந்த அழுத்த ஏற்ற இறக்கமே நம் செவியில் ஒரு சுருதியாகக் கேட்கிறது. அதிரும் பாகம் இல்லாததால் கிழிந்துபோவதற்கும் எதுவும் இல்லை. எந்தத் தோலும் கூம்பும் தாங்க முடியாத அளவு ஆற்றலை இந்த எளிய அமைப்பின் வழியே ஒலியாக்க முடிவது அதனால்தான்.

இதன் தொடக்கத்துக்கும் ஆபத்துக்கும் தொடர்பில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜான் ராபிசன், குழாயில் செல்லும் காற்றை ஒரு திருகால் விரைவாகத் திறந்து மூடினால் இசைச்சுருதி பிறப்பதைக் கண்டார். 1819-இல் பிரான்சின் ஷார்ல் கன்யார் த லா தூர் அதையே துளையிட்ட சுழல்தட்டாகச் செம்மைப்படுத்தி, சைரன் என்ற பெயரையும் இட்டார். தட்டிலுள்ள துளைகளின் எண்ணிக்கையை அது விநாடிக்குச் சுற்றும் எண்ணிக்கையால் பெருக்கினால் ஒலியின் அதிர்வெண் கிடைத்துவிடும் என்பதால், 19-ஆம் நூற்றாண்டு ஆய்வகங்களில் சைரன் ஓர் அளவைக் கருவியாகவே விளங்கியது. பின்னர் அதற்கு நீராவி ஊட்டிக் கலங்கரை விளக்கங்களில் வைத்து, மூடுபனியில் வரும் கப்பல்களை எச்சரித்தார்கள். மின்மோட்டார் மலிவானதும் அது ஆலைகளின் கூரைக்கும், தீயணைப்பு நிலையங்களுக்கும், நம் ஊர்களில் வேளை தவறாமல் ஊதிய நகராட்சிச் சங்குக்கும் வந்து சேர்ந்தது.

மின்மோட்டார் சைரனின் உள்ளமைப்பை அறிய, பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜெர்மனியின் கூரைகளில் நிறுவப்பட்ட E57 என்ற வகையை எடுத்துக்கொள்ளலாம். காளான் குடை போன்ற மூடிக்குக் கீழே ஒரு மோட்டாரும், அதன் தண்டில் பொருத்திய சுழலியும் உள்ளன. சுழலியின் நடுப்பகுதி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அதன் தடுப்புகள் மையவிலக்கு விளைவால் அந்தக் காற்றை விளிம்பை நோக்கித் தள்ளுகின்றன. விளிம்பைச் சுற்றி அசையாமல் நிற்கும் உறையில், சுழலியின் திறப்புகளுக்கு இணையாகச் சாளரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. திறப்பும் சாளரமும் நேர்படும்போது காற்று வெளியே பாயும், விலகும்போது அடைபடும். ஆக, காற்றை அழுத்தும் விசிறியும் அதை வெட்டும் கத்தியும் ஒரே பாகம்தான். E57-இன் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2800 சுற்றுகள் சுழல்கிறது, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 46.7 சுற்றுகள், திறப்புகள் 9. இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு 420 துடிப்புகள், அதாவது 420 ஹெர்ட்ஸ்.

இந்த இடைப்பட்ட அதிர்வெண்ணுக்குக் காரணம் உண்டு. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்பது 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை. ஆனால் அதிர்வெண் உயர உயரக் காற்று ஒலியை அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது, கட்டடங்களின் பின்னால் ஒலி வளைந்து செல்வதும் குறைகிறது. மாறாக, 100 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலி நெடுந்தொலைவு செல்லும் என்றாலும் அதன் அலைநீளம் 3 மீட்டருக்கும் மேல். அதைத் திறமையாக வெளியேற்ற அதே அளவிலான வாய் கொண்ட கொம்பு வேண்டும், செவியும் அந்த அதிர்வெண்ணில் மந்தமாகவே இருக்கும். ஏறத்தாழ 400 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை என்பது இவ்விரண்டுக்கும் இடையிலான சமரசம். இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் சைரன்கள் பலவற்றில் மோட்டாரின் ஒருபுறம் 10, மறுபுறம் 12 திறப்புகள் கொண்ட இரு சுழலிகள் இருந்தன. 5-க்கு 6 என்ற அந்த விகிதம், நம் இசையில் சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளிதான். கட்டடங்களில் எதிரொலித்த அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் ஓரிடத்தில் ஒரு சுருதி கேளாமல் போனாலும், மற்றது கேட்கும் என்பது இரட்டைச் சுருதியின் பயன்.

வயிற்றைப் பிசையும் அந்த ஏற்ற இறக்க ஊளையையும் யாரும் தனியாக வடிவமைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். மின்சாரத்தை நிறுத்தியதும் மின்விசிறி உடனே நிற்காததுபோல, கனமான சுழலியும் நிலைமத்தால் மெல்ல மெல்லத்தான் வேகம் இழக்கிறது. சுற்று குறையக் குறையச் சுருதியும் இறங்குகிறது. சில விநாடிகளுக்கு ஒருமுறை மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்தால் ஊளை; விடாமல் கொடுத்தால் ஒரே சீரான ஒலி. பிரிட்டனில் ஊளை விமானத் தாக்குதலையும், சீரான ஒலி ஆபத்து நீங்கியதையும் குறித்தன. சுழலியே இல்லாத இன்றைய மின்னணு சைரன்களும் இதே ஏற்ற இறக்கத்தைக் கணினிச் சில்லில் உருவாக்கித் தருகின்றன, ஏனெனில் மக்கள் அதற்குப் பழகிவிட்டார்கள்.

அடுத்து எழுந்தது எவ்வளவு உரக்க என்ற கேள்வி. அமெரிக்கப் பொறியாளர்கள் இதை ஏறக்குறைய ஒரு போட்டியாகவே நடத்தினார்கள். பெல் ஆய்வகம் உருவாக்கி, கார் நிறுவனமான கிரைஸ்லர் தயாரித்த ‘விக்டரி’ சைரன் 1942-இல் வந்தது. அதை இயக்க அருகிலேயே ஓர் ஆள் நிற்க வேண்டியிருந்தது. இவ்வகைக் கருவியைப் பற்றி ராபர்ட் கிளார்க் ஜோன்ஸ் 1946-இல் எழுதிய ஆய்வுரையில், 50 குதிரைத்திறன் அளவு ஆற்றல் ஒலியாகவே வெளிப்படுவதாகக் கணக்கிட்டார். சாதாரண ஒலிபெருக்கி தனக்கு வரும் மின்னாற்றலில் நூற்றில் சில பங்கைத்தான் ஒலியாக்குகிறது என்பதை நினைத்தால் இது வியப்பூட்டும் அளவு. 1952-இல் வந்த மேம்பட்ட வடிவம் 180 குதிரைத்திறன் கொண்ட வி8 பெட்ரோல் எஞ்சினால் இயங்கியது. எஞ்சின் ஒரு காற்றமுக்கியைச் சுழற்ற, அழுத்தப்பட்ட காற்றை வெட்டும் சக்கரம் துடிப்புகளாக்க, அவை 6 கொம்புகளின் வழியே பாய, சுமார் 3.7 மீட்டர் நீளமுள்ள அந்தக் கருவி முழுவதும் ஒரு சுழல்மேடையின்மீது திரும்பிக்கொண்டே நகரின் எல்லாத் திசைக்கும் ஒலியைச் செலுத்தியது. ஒலியளவின் அலகான டெசிபெல்லில் சொன்னால், 30 மீட்டர் தொலைவில் 138. இதுவரை செய்யப்பட்ட எச்சரிக்கை சைரன்களில் இதுவே மிகவும் உரத்தது என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

அந்த வழி நீடிக்கவில்லை. தடையாக நின்றது கணக்கு. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும்போது ஒலியளவு 6 டெசிபெல் குறையும். மரங்கள், கட்டடங்கள், தரை ஆகியவற்றின் இழப்பையும் சேர்த்து 10 டெசிபெல் குறையும் என்று கொள்வது அமெரிக்க வழிகாட்டி நூல்களின் நெடுநாள் வழக்கம். 30 மீட்டரில் 130 டெசிபெல் தரும் சைரன், 60 மீட்டரில் 120, 120 மீட்டரில் 110 என்று இறங்கி, ஏறத்தாழ 1.9 கிலோமீட்டரில் 70 டெசிபெல்லாகிறது. சுற்றியுள்ள இரைச்சலைவிட 10 டெசிபெல்லாவது கூடுதலாக இருந்தால்தான் கவனத்தை ஈர்க்கும் என்பதால், சந்தடி மிகுந்த தெருவுக்கு அதுவே எல்லை. இப்போது அந்தத் தொலைவை இரட்டிப்பாக்க விரும்பினால் கூடுதலாக 10 டெசிபெல், அதாவது 10 மடங்கு ஆற்றல் தேவை. அந்த 10 மடங்கு ஆற்றலால் கிடைப்பது 4 மடங்கு பரப்பு மட்டுமே. அதே ஆற்றலை 10 சிறிய சைரன்களாகப் பிரித்து நிறுவினால் 10 மடங்கு பரப்பில் ஒலி கேட்கும். போதாக்குறைக்கு, 123 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஒலி தரையில் நிற்கும் எவர் செவிக்கும் எட்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. எனவேதான் சைரன்கள் உயரமான கம்பங்களுக்கு ஏறின; பெரும் எஞ்சின்கள் காட்சிப் பொருள்களாயின.

தொலைவைப் பற்றிய இந்தக் கணக்கையும் காற்று அவ்வப்போது பொய்யாக்கிவிடும். 1873-இல் இங்கிலாந்தின் டோவருக்கு அருகிலுள்ள சவுத் ஃபோர்லாண்டில், அமெரிக்காவிலிருந்து வரவழைத்த நீராவி சைரன் உள்ளிட்ட கருவிகளைக் கொண்டு இயற்பியலாளர் ஜான் டிண்டால் சோதனைகள் நடத்தினார். வானம் தெளிவாக இருந்த நாள்களில் சில வேளைகளில் ஒலி குறைவான தொலைவிலேயே அடங்கிவிட்டதும், மூடுபனியில் தெளிவாகக் கேட்டதும் அவரைத் திகைக்க வைத்தன. கண்ணுக்குப் புலப்படாத மேகங்கள் ஒலிக்குத் தடையாக நிற்கின்றன என்பது அவருடைய விளக்கம். காற்றின் வேகம் உயரத்துடன் மாறுவதால் ஒலியலை வளைகிறது என்று ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1857-லேயே கூறியிருந்தார். வெப்பநிலை மாற்றமும் அதே வேலையைச் செய்கிறது என்பதை ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் காட்டினார். ஒலி வெப்பமான காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் செல்கிறது. வெயில் நேரத்தில் தரையருகே சூடும் மேலே குளிர்ச்சியும் இருப்பதால் ஒலியலை மேல்நோக்கி வளைந்து, சில நூறு மீட்டருக்கு அப்பால் தரையில் ஓர் ஒலி நிழல் விழுகிறது. தெளிந்த இரவில் தரை குளிர்ந்து மேலடுக்கு வெப்பமாக இருக்க, ஒலி கீழ்நோக்கி வளைந்து பல கிலோமீட்டர் செல்கிறது. இரவில் செய்த சோதனையை நம்பி நண்பகலுக்குத் திட்டமிடும் நகராட்சி ஏமாறும்.

இன்று புதிதாக நிறுவப்படுபவற்றில் பெரும்பகுதி மின்னணு சைரன்கள். கொம்பு பொருத்திய ஒலியியக்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அவற்றின் அலைகள் கிடைமட்டத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தி, வானை நோக்கியும் தரையை நோக்கியும் பெருமளவு அழித்துக்கொள்கின்றன; வீணாக மேலே போயிருக்கும் ஆற்றல் ஊரை நோக்கித் திரும்புகிறது. இவை மின்கலத்தால் இயங்குவதால், புயலில் மின்கம்பங்கள் சாய்ந்த பிறகும் ஒலிக்கும். பேச்சையும் ஒலிபரப்பலாம் என்பதே இவற்றின் பெருமையாகச் சொல்லப்படுகிறது; ஆனால் ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடிகள் ஆகும் என்பதால், இரு கோபுரங்களுக்கு இடையில் நிற்பவருக்கு ஒரே வாக்கியம் இரண்டு முறை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். இடைவெளி விட்ட குறுஞ்சொற்றொடர்களே பயன்படும். 1999 பெரும்புயலில் ஆயிரக்கணக்கானோரை இழந்த ஒடிசாவின் 6 கடலோர மாவட்டங்களில், 122 இடங்களில் இத்தகைய கோபுரங்கள் தொலைவிலிருந்தே இயக்கும் வகையில் 2018-இல் செயல்பாட்டுக்கு வந்தன.

ஒலி செவியை எட்டுவதற்கும் மக்கள் எழுந்து வெளியேறுவதற்கும் இடையில் உள்ள இடைவெளியை ஹவாய்த் தீவின் ஹீலோ நகரம் 1960 மே மாதத்தில் காட்டியது. சிலி நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை நள்ளிரவுக்குப் பின் கரையைத் தாக்கியது. சைரன்களோ அதற்கு முன் இரவு எட்டரை மணியளவிலேயே ஒலித்துவிட்டன. இறந்தவர்கள் 61 பேர். பின்னர் விசாரித்தபோது, பெரும்பாலோர் சைரனைக் கேட்டிருந்ததும், அதைக் கேட்டு வெளியேறியவர்கள் பாதிக்கும் குறைவு என்பதும் தெரியவந்தன. அதற்குச் சிறிது காலம் முன்புதான் எச்சரிக்கை ஒலிமுறை மாற்றப்பட்டிருந்ததால், அந்த ஒலி வெளியேறச் சொல்கிறதா, அடுத்த ஒலிக்குக் காத்திருக்கச் சொல்கிறதா என்று பலர் குழம்பினார்கள். 2023 ஆகஸ்டில் ஹவாயின் மவுயி தீவிலுள்ள லஹைனா நகரைத் தீ சூழ்ந்து நூறு பேருக்கும் மேல் இறந்தபோது நிலைமை நேர்மாறு: தீவுகள் முழுவதிலும் சுமார் 400 சைரன்கள் இருந்தும் அங்கே அவை ஒலிக்கப்படவே இல்லை. சைரனை ஆழிப்பேரலை என்று எண்ணி மக்கள் மலையை நோக்கி, அதாவது தீயை நோக்கி, ஓடியிருப்பார்கள் என்பது அதிகாரிகள் தந்த விளக்கம். அது ஏற்கத்தக்கதா என்பது வேறு. ஓர் ஒலிக்கு ஒரே பொருளை மட்டும் பழக்கினால் இத்தகைய தயக்கம் எழவே செய்யும். சுவிட்சர்லாந்தில் பொது எச்சரிக்கைக்கு ஊளையும், அணை உடையும் ஆபத்துக்குத் தலா 20 விநாடி நீளும் 12 தாழ்ந்த ஒலிகளும் எனப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஒலிக்கக் கூடாத வேளையில் ஒலிப்பதும் இதே கணக்கில் சேரும். 2017 ஏப்ரல் 7 இரவு, அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 156 சைரன்கள் நள்ளிரவை ஒட்டி அலறத் தொடங்கி, ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் அடங்கவில்லை. அவற்றை இயக்கும் வானொலிக் குறியீட்டை யாரோ அறிந்து ஒலிபரப்பியிருந்தார்கள். அதன் பிறகே அங்கே அந்தக் குறியீட்டைப் பிறர் அறிய முடியாதபடி மாற்றும் மறையாக்கம் சேர்க்கப்பட்டது.

கைப்பேசி எச்சரிக்கை வந்த பிறகு சைரன் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. மூடிய சன்னல் 20 டெசிபெல்லுக்கு மேல் குறைத்துவிடும் என்பதால், சைரன் வெளியில் இருப்பவர்களுக்கான கருவி மட்டுமே என்பது உண்மை. ஆனால் 2021 ஜூலை வெள்ளத்தில் ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் மின்சாரமும் கைப்பேசி வலையமைப்பும் சேர்ந்தே அறுந்தன; பனிப்போருக்குப் பின் சைரன்களைப் பெருமளவில் கழற்றிவிட்டிருந்த அந்நாடு, அதன் பின்னர் அவற்றைத் திரும்ப நிறுவ நிதி ஒதுக்கியது. நிறுவிய பின் சோதனை தேவை. செவிக்கு எட்டாத அதிர்வெண்ணைச் செலுத்தி மின்கலத்தையும் இயக்கிகளையும் ஓசையின்றிச் சரிபார்க்கும் வசதி இன்று உண்டு. அதன்பின்னும் சுவிட்சர்லாந்து ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் புதன்கிழமை பிற்பகல் 1.30-க்குத் தன் சுமார் 7200 சைரன்களையும் உரக்கவே ஒலித்துப் பார்க்கிறது; ஒலிக்காதவற்றைக் குறித்துக்கொண்டு பழுதுபார்க்கிறார்கள்.